சாயப்பட்டறை ஈ.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு) நான்கு இடத்திலும் 10 எச்பி மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) போடலாமா?

வேண்டாம். சேகரிப்புத் தொட்டி, ஆசிட் டோசிங் (அளந்து விடுவது), ஸ்லட்ஜ் (கழிவுச் சேறு), ஆர்.ஓ. (உப்பைப் பிரிக்கும் சவ்வு) என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கு இடங்களிலும் ஓடப்போவது நான்கு வேறு வேறு திரவங்கள். எச்பி கணக்கு கடைசியில்தான் வர வேண்டும். என்ன திரவம், எவ்வளவு சூடு, அதில் என்ன மிதக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சேகரிப்புத் தொட்டிக்கு சென்ட்ரிஃபியூகல் பம்பே சரி. ஆனால் திருப்பூர் பட்டறை என்றால் பனியன் துணியின் பஞ்சும் நூல் பிசிறும் தண்ணீரோடு வரும். மூடிய இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) அது சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். ஓப்பன் இம்பெல்லராகக் கேளுங்கள், தொட்டிக்கு முன்னால் சல்லடையும் போடுங்கள்.

சூட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. பம்ப் தண்ணீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் காற்றழுத்தம்தான் அதைப் பம்புக்குள் தள்ளுகிறது, அதன் மொத்த பலமே ஏறத்தாழ 10 மீட்டர் தண்ணீர் உயரம்தான். 80 டிகிரி தண்ணீரில் நீராவி அழுத்தமே அதில் சுமார் 5 மீட்டரைத் தின்றுவிடும். மிச்சத்தில் சக்ஷன் பைப்பின் உராய்வும் போக வேண்டும், பம்ப் கேட்கும் என்பிஎஸ்எச்சும் (நீராவிக் குமிழி வராமல் இருக்க பம்பின் வாயில் வேண்டிய அழுத்தம்) கிடைக்க வேண்டும். அது பற்றாமல் போனால் உள்ளே கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும், சில மாதத்தில் இம்பெல்லர் அரித்துப்போகும். சூடான தண்ணீர் வருகிற இடத்தில் பம்பைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஃபுட் வால்வ் (சக்ஷன் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) தொல்லையும் போய்விடும்.

ஸ்லட்ஜ் பம்பில்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, கழிவுநீரை வெளியே விடாமல் ஓட்டினால்தான் தொழில் நடக்கும் என்றாகிவிட்டது. ஸ்லட்ஜ் பம்ப் நின்றால் ஃபில்டர் பிரஸ் (சேற்றை அழுத்தித் தண்ணீரைப் பிழியும் இயந்திரம்) நிற்கும், தொட்டிகள் நிரம்பும், கடைசியில் சாயம் போடுவதையே நிறுத்த வேண்டிவரும். பிரஸ்ஸில் பிழிந்த சேறு கேக்காகக் கட்டக் கட்ட எதிரழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அப்போது சென்ட்ரிஃபியூகல் வகையான மோனோபிளாக்கின் டிஸ்சார்ஜ் (வெளியே தள்ளும் அளவு) விழுந்துவிடும். இங்கே ஸ்க்ரூ பம்ப் வேண்டும், இல்லையென்றால் காற்றில் ஓடும் டயஃப்ரம் பம்ப்.

ஸ்க்ரூ பம்ப் அழுத்தம் ஏறினாலும் ஏறக்குறைய ஒரே அளவைத் தள்ளும். ஆனால் டிரை ரன் ஆனால், அதாவது திரவம் இல்லாமல் ஓடினால், திருகைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஸ்டேட்டர் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். டிரை ரன் பாதுகாப்பும் பிரஷர் சுவிட்சும் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். சுண்ணாம்பு கலந்த ஸ்லட்ஜ் மணல் போல அரிக்கும் என்பதால், கொஞ்சம் பெரிய பம்பாக எடுத்துக் குறைந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுவதே நல்லது. டயஃப்ரம் பம்ப் எதிரழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சமமானதும் தானாக நின்றுவிடும், வெறுமனே ஓடினாலும் சட்டென்று கெடாது. ஆனால் கம்ப்ரசருக்கு ஆகும் கரண்ட் அதிகம். தினமும் பல ஷிஃப்ட் ஓடுகிற நிலையம் என்றால் நான் ஸ்க்ரூ பம்பைத்தான் சொல்வேன்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தாங்காது. பிபி அல்லது பிவிடிஎஃப் பிளாஸ்டிக் தலை வைத்த டோசிங் பம்ப் போடுங்கள். ஆர்.ஓ.வுக்கு மல்டிஸ்டேஜ் (பல இம்பெல்லர் வரிசையாக உள்ள) பம்ப். சாயத் தண்ணீரில் உப்பு அதிகம், 304 ஸ்டீலில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும், அதனால் 316-க்குக் கீழே இறங்க வேண்டாம். உப்பு செறிந்து வெளியேறும் ரிஜெக்ட் தண்ணீர் பக்கம் அதைவிட அரிப்பு தாங்கும் டூப்ளெக்ஸ் ஸ்டீல் கேளுங்கள்.

இப்போது எச்பி. சேகரிப்புத் தொட்டியில் மணிக்கு 50 கன மீட்டர், உராய்வும் சேர்த்து மொத்த ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) 20 மீட்டர் என்று வையுங்கள். 50-ஐ 20-ஆல் பெருக்கி தண்ணீருக்கான 367 என்ற மாறாத எண்ணால் வகுத்தால் 2.7 கிலோவாட். பம்பின் திறன் 65 சதவீதம் என்றால் 4.2 கிலோவாட். 7.5 எச்பி மோட்டாரே தாராளம். ‘இருக்கட்டும்’ என்று ஹெட் கூடுதலான பம்பை வாங்கினால் டிஸ்சார்ஜ் அளவுக்கு மீறி ஓடி மோட்டார் ட்ரிப் ஆகும். பிறகு வால்வைப் பாதி மூடி, கரண்டை வீணாக்கித்தான் ஓட்ட வேண்டும்.

கொட்டேஷனோடு பம்ப் கர்வையும் (எந்த ஹெட்டில் எவ்வளவு டிஸ்சார்ஜ், எவ்வளவு திறன் என்று காட்டும் வரைபடம்) கேட்டு வாங்குங்கள். உங்கள் ஹெட்டும் டிஸ்சார்ஜும் சந்திக்கிற புள்ளி, திறன் உச்சத்தில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். கர்வ் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஸ்க்ரூ பம்பின் ஸ்டேட்டர் உள்ளூரிலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள், ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லட்ஜில் திடப்பொருள் எத்தனை சதவீதம், பிரஸ் எத்தனை பார் அழுத்தத்தில் ஓடுகிறது என்று எழுதினால் ஸ்க்ரூ பம்புக்கு எத்தனை ஸ்டேஜ் வேண்டும், எந்த வேகத்தில் ஓட்டலாம் என்று சொல்கிறேன்.