பீடோங்கில் பார்க்க ஒன்றுமில்லையா?

அன்புள்ள அக்கா,

நான் கோயம்புத்தூர்க்காரன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் தொழிற்பேட்டையில் வேலை, சுங்கைப் பட்டாணியில் வாடகை வீடு. லங்காவி, கேமரன் மலை என்று எல்லோரும் போகும் இடங்களை விட்டுவிட்டு, அதிகம் பேர் அறியாத ஊர்களையும் பழைய சின்னங்களையும் தேடிப் போவது என் வழக்கம். போன வாரம் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனேன். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று ஆசையோடு போனால், அங்கே இருப்பது வெறும் அடித்தளங்கள்தான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றமாக இருந்தது. வழியில் பீடோங்கில் சாப்பிட இறங்கினேன். தோட்டப்புறச் சிற்றூர், பார்க்க ஒன்றுமில்லை. ஒரே நாளில் பார்த்து முடிக்கும்படி, யாருக்கும் தெரியாத நான்கைந்து இடங்கள் சொல்வீர்களா? சோழர் இங்கே ஆண்டதற்கான ஆதாரத்தை எங்கே பார்க்கலாம்?

கூலிமிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தமிழ்ப்பள்ளியிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஆலை வேலையின் களைப்போடு வார விடுமுறையில் பஸ் பிடித்து ஒரு பழைய அடித்தளத்தைப் பார்க்கப் போகும் பிள்ளையை எனக்குப் பிடிக்காமல் போகுமா? இங்கேயே பிறந்து வளர்ந்த பலர் பூஜாங் பள்ளத்தாக்கின் மெர்போக் அருங்காட்சியக வாசலை மிதித்ததில்லை. அந்த உரிமையில் திட்டவும் செய்கிறேன்.

சோழர் கதையை முதலில் முடித்துவிடுவோம். ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மேல் வந்தது 1025-இல். அலைகடல் நடுவே பல கலம் செலுத்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்து, அவன் சேர்த்து வைத்திருந்த பெருநிதியைக் கவர்ந்ததாக ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. அதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்புதான் இதே கடாரத்து அரச குலம் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியது. ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிக் கொடுத்தான். லெய்டன் செப்பேட்டில் அது இருக்கிறது. உறவாக இருந்த ஊரின் மேல்தான் படை போயிற்று. நீங்கள் அடி வாங்கிய ஊருக்குள் வந்து நின்றுகொண்டு, அடித்தவனின் அடையாளம் எங்கே என்று கேட்கிறீர்கள். இந்தத் துறைமுகம் ராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கப்பல்களைப் பார்த்தது. ஐந்தாம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும் ஒரு கல்லை ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி 1834-இல், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கண்டெடுத்தார். அதில் ஒரு ஸ்தூபியின் உருவம், கூடவே புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர், பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதல். அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் கடந்து வேலைக்கு வந்த நீங்கள் தேட வேண்டிய ஆள் அவன்.

சரி, அடித்தளம் மட்டும்தான் என்று வருத்தப்பட்டீர்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியில், அதாவது அந்தப் பழைய கோயிலில், வரிசையாக இருக்கும் வட்டக் கற்களைக் குனிந்து பார்த்தீர்களா? மரத்தூண் நின்ற கற்கள் அவை. மேலே இருந்த மரமும் கூரையும் இந்த மழையில் மக்கிப் போய்விட்டன. இப்போது தோட்டங்களுக்கு வாருங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த இடங்களில் செம்பனைக்கு நடுவே சிமெண்டுக் கால்கள் இரண்டு வரிசையாக நிற்கும். பலகை வீடு போய்விட்டது, கால்கள் மிச்சம். எந்தக் கால் எந்த வீட்டுக்கு உரியது, எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை எங்கே என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். தோட்டத்தில் கேட்கப் பழகியவர் சண்டிக்கு வந்து வெறும் அடித்தளம் என்று சொல்லமாட்டார்.

எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விலைபோனபோது மாரியம்மன் கோயிலை இடம் மாற்ற வேண்டி வந்தது. பாலாலயம் செய்து அம்மனை எடுத்த பிறகு, பீடத்துக்கு அடியில் தோண்டினார்கள். செப்புத் தகடு ஒன்று, பச்சை பூத்து. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காசுகள். மெட்டிகள். மண்ணோடு மண்ணாகிவிட்ட நவதானியத்தின் கருப்பு. அதற்குள்ளே ஒற்றைச் சிவப்புக்கல் மூக்குத்தி, திருகாணி இல்லை. பால்மரம் வெட்டியே கை காய்த்துப் போன ஒரு பெரியம்மா அதை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். "இது எங்காத்தா போட்டது. அம்மனை வைக்கிறப்ப ஆளாளுக்கு ஒண்ணு போட்டாங்கன்னு சொல்லும்" என்றார். தன் பெயரில் ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள், நாள்கூலிக்கு வேலை செய்தவர்கள், தங்களிடம் இருந்த ஒரே பொன்னைக் கழற்றிக் குழியில் போட்டிருக்கிறார்கள். புதுக் கோயில் பீடத்திலும் அந்த மூக்குத்தி போனது. பெரியம்மாவே போட்டார்.

தம்பி, அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் பேழைகளின் முன்னால் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? நீங்கள் பார்த்து ஏமாந்த அதே சண்டியை 1960 வாக்கில் சீரமைத்தபோது அதன் அடியில் கிடைத்தவை. கல்லுக்குள்ளே குழிகள் குடைந்து, செம்புக் கலயமும் பொன் தகடும் மணிக்கற்களும் வைத்து மூடிப் புதைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில், அதே ஜெராய் மலையடியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் சாமிக்கு அடியில் தங்கள் பொருளை வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ரத்த உறவு இருக்கிறதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்தச் சண்டியைக் கட்டியவர்கள் தமிழரா, மலாய்க்காரரா, இந்துவா, பௌத்தரா என்று மேடை போட்டு அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். பேழையில் வைத்தவர்களிடம் இனி கேட்க முடியாது, பெரியம்மாவிடம் கேட்கலாம். அவர் மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கடையில்தான் நீங்கள் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்கிறீர்களா? 1942, 43-இல் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போனது இந்த மாதிரித் தோட்டங்களிலிருந்து. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. 1947-இல் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தொண்டர் படை மறியல் செய்ததும் கெடாத் தோட்டங்களில்தான். தாத்தா எந்த வழியாக நடந்து வீடு சேர்ந்தார், மறியலில் அத்தை யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பதையெல்லாம் அறிந்த வாய்கள் பீடோங் கடைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் பத்து வருடம் கழித்து வந்தால் கேட்க ஆள் இருக்காது.

2013-இல் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் இங்கே அகழ்ந்து, சண்டிகளுக்கு எண் கொடுத்தார். அதில் பதினொன்றாம் எண் சண்டியை வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள். நிலம் தனியாருடையது, அரசிதழில் பதிவாகவில்லை என்றார்கள். செய்தி வெளியாகி நாடே பேசியது, பேசியதும் சரிதான். ஆனால் அதே காலத்தில் எத்தனை தோட்டத்து லயங்கள், கோயில்கள், சுடுகாடுகள் அதே மாதிரி புல்டோசருக்குப் போயின! எந்தத் தொல்லியலாளரும் அவற்றுக்கு எண் கொடுக்கவில்லை. பழையது என்றால் ஆயிரம் வருடம் ஆக வேண்டும் என்று நினைக்கும் உங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதும் இல்லை.

இடங்கள் கேட்டீர்கள். செமிலிங் பக்கம் சுங்கை பத்து அகழ்வுத் தளம் இருக்கிறது. இரும்பு உருக்கிய இடம். உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்த் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அதன் காலம் பற்றிய சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம், குழாயைப் பாருங்கள். புக்கிட் மெர்த்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள்ளேயே பழைய எழுத்து வெட்டிய பாறை ஒன்று இருக்கிறது, செரோக் தொக் குன் கல்வெட்டு. ஜூலைத் திருவிழாவில் பெருங்கூட்டம், சாதாரண நாளில் போங்கள். கோத்தா கோலா மூடா பக்கம் சுங்கை மாஸ் என்ற சிற்றூர், பழைய பாசிமணிகள் கிடைத்த இடம். ஒரே நாளில் இத்தனையும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்.

பீடோங்குக்கு மறுபடியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற வந்தால் கடையில் வயதானவர்கள் இருப்பார்கள். "எந்தத் தோட்டம் ஐயா?" என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்வார்கள். முதல் ஒரு மணி நேரம் போனைப் பையிலேயே வையுங்கள். யாராவது தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் மழைக்காலத்தில் முழங்கால் வரை மூடிய சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், அட்டை அதிகம். வருவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு எழுதினால் அந்தப் பெரியம்மாவின் மகனிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா