40,000 ரூபாய் ஸ்பீக்கர் கேபிள் அவசியமா?

கேள்வி: புதிதாக ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடியும் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 4 மீட்டர் ஒயர் வேண்டும். சாதா ஒயர் போட்டால் பாதி இசை வழியிலேயே போய்விடும் என்று 40,000 ரூபாய் கேபிளைக் கடைக்காரர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டாம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும். போக 4, வர 4 என்று 8 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.064 ஓம். உங்கள் 8 ஓமில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. குறையும் சத்தம் 0.1 டெசிபலுக்கும் கீழ்.

அமெரிக்காவின் யூட்டாவில் 1979-லிருந்து இயங்கும் கிம்பர் போன்ற உயர்விலை கேபிள் தயாரிப்பாளர்களின் கைவேலை நேர்த்தியானதுதான். கம்பிகளைப் பின்னினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) குறைவதும் உண்மை. 4 மீட்டரில் அது காதுக்கு எட்டாது என்பதும் உண்மை. நேர்த்திக்காக வாங்குவது உங்கள் விருப்பம். கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

அடுத்து அவர், “200 மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும்” என்பார். தினம் 2 மணி நேரம் கேட்டால் 100 நாள். பொருளைத் திருப்பித் தரும் கெடுவோ 7 நாள், 10 நாள். செம்பு பழகாது ஐயா, காதுதான் பழகும். கடையில் மாற்றிப் போட்டுக் காட்டினால், 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கேபிளுக்கும் அளவு 1 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். சத்தம் அரை டெசிபல் கூடினாலே நல்ல கேபிள்போலத் தோன்றும். அளக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மலிவு ஒயரிலும் மோசடி உண்டு. முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். திருகில் நசுங்கித் தளரும். 10 மீட்டர் இரட்டைக் கம்பி 2.5 ஸ்கொயரில் செம்பு மட்டுமே 450 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். வீட்டு ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கிற நாட்டில், ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்று அச்சடித்து அலுமினியத்தை விற்றாலும் கேட்க ஆளில்லை!

கேபிள் உண்மையிலேயே ஒலியை மாற்றும் இடம் ஒன்று உண்டு: ரெக்கார்டு பிளேயர். அதில் ஊசியின் அசைவைக் காந்தத்தால் மின்சாரமாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ், தன் பின்னால் உள்ள மொத்தக் கெப்பாசிட்டன்ஸை (மின்னேற்றத்தைத் தேக்கும் குணம், பிகோஃபாரட்டில் அளப்பது) பொறுத்தே ஒலிக்கும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்ற கார்ட்ரிட்ஜ் கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட். மீட்டருக்கு 100 வீதம் ஒன்றரை மீட்டர் கேபிளில் 150, ஆம்பில் ரெக்கார்டு பிளேயரைச் செருகும் ஃபோனோ உள்ளீட்டில் 220 என்றால் மொத்தம் 370. அப்போது 11 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி தூக்கி, அதற்கு மேல் விழும். ‘ஸ’ ஒலி காதைக் கீறும். இதற்கு விலை உதவாது. நீளம் குறைந்த, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிள்தான் உதவும். மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்று எழுதாத கேபிளை, எத்தனை ஆயிரம் சொன்னாலும், ரெக்கார்டு பிளேயருக்கு வாங்காதீர்கள்.