மலை சரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு எங்களிடம் ஒரு குழு உண்டு. அதில் கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். 2014 பதிப்பின் விதிகளை வைத்து ஆடுகிறோம். சென்ற அமர்வில் 3,000 ஆர்க்குகள் (போர்வெறி கொண்ட கற்பனை இனம்) கொண்ட படை ஒரு கணவாய்க்குள் நுழைந்தது. டுரூயிடாக, அதாவது இயற்கையின் ஆற்றலால் மந்திரம் செய்யும் பாத்திரமாக, ஆடும் நண்பர், நிலத்தை அதிரவைக்கும் ‘எர்த்க்வேக்’ மந்திரத்தால் மலையையே அவர்கள்மேல் சரிக்கப்போவதாகச் சொன்னார். மலைக்கு எத்தனை உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு சேதம் தாங்கும் என்பதற்கான எண்) என்று நான் கணக்குப் போடத் தொடங்க, ஆட்டம் நின்றுவிட்டது. அனுமதித்தால் போர் ஒரே மந்திரத்தில் முடிந்துவிடும். மறுத்தால் அவர் மனம் வாடும். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியட்டும், தடுக்காதீர்கள். 15ஆம் நிலையை எட்டிய டுரூயிடுக்குத்தான் அந்த மந்திரம் கிடைக்கிறது. அத்தனை தூரம் வந்தவரிடம் ‘மலை அசையவில்லை’ என்று சொல்வது அநியாயம்.

ஆனால் மலைக்கு உயிர்ப்புள்ளி தேடாதீர்கள். அந்த மந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் 50 புள்ளி சேதம் தருவது கட்டடங்களுக்கு மட்டுமே. மலைச்சரிவைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை; அது உங்கள் தீர்ப்பு. பகடையை உருட்டும் முன்பே அந்தத் தீர்ப்பை மேசையில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வெடித்துப் பிளந்த பாறை, மழையில் ஊறிய சரிவு என்றால் மலை இறங்கும். உறுதியான ஒற்றைப் பாறை என்றால் சில கற்களே உருளும். எந்த இடம் பலவீனமானது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழுவில் மற்றவர்களுக்குக் கொடுங்கள். பாறையை அறிந்த குள்ளர் இனப் பாத்திரமாக ஆடுபவர் ஒருவர் இருந்தால் அவருக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

போர் முடிந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. மந்திரத்தின் வட்டம் 100 அடி ஆரம். குறுக்களவு ஏறக்குறைய 60 மீட்டர். 3,000 பேர் நால்வர் நால்வராக, வரிசைக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடந்தால் படையின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். வட்டத்துக்குள் நேரடியாகச் சிக்குபவர்கள் சுமார் 120 பேர். மேலிருந்து இறங்கும் சரிவு அதைப்போல ஐந்து மடங்கை விழுங்கினாலும் மீதி 2,400 பேர். ஒவ்வொரு ஆர்க்குக்கும் பகடை உருட்ட வேண்டாம். படை இரண்டாக அறுபட்டது, தலைவன் எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். கணவாயைக் கடந்துவிட்ட முன்னணி, பின்வாங்க வழியில்லாமல் உங்கள் ஆட்டக்காரர்களை நோக்கித்தான் வரும். அடுத்த சண்டை அங்கே கிடைத்துவிட்டது.

கணவாய் அடைபட்டுவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். உடைந்த பாறை முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். குவியும்போது 35 பாகை அளவில் சாய்ந்து நிற்கும். அது சுவர் ஆகாது. மெதுவாக, ஆபத்தோடு ஏறிக் கடக்கக்கூடிய மேடு. வரைபடத்தில் அந்த இடத்தை அழித்து மேடாகவே வரையுங்கள். இனி இந்தக் கதை முழுக்க அது அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த அமர்வில் பழைய கணவாய் திரும்பி வந்துவிட்டால் ஆட்டக்காரரின் செயலை நீங்களே அழித்ததாக ஆகும். மலையை உடைக்க அனுமதித்துவிட்டு அதை மறந்துபோகும் ஆட்டங்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர். கணவாயின் அடியில் ஆறு ஓடுகிறதா? ஓடினால் உங்களுக்குப் பல மாத ஆட்டம் கிடைத்துவிட்டது. 1911இல் மத்திய ஆசியாவின் பாமீர் மலைகளில் ஒரு நிலநடுக்கம் மலைப்பகுதியைச் சரித்து முர்காப் ஆற்றை அடைத்தது. 500 மீட்டருக்கும் உயரமான அந்த உசோய் அணை இன்றும் நிற்கிறது. அதன் பின்னால் சாரேஸ் ஏரி. இமயமலையின் கர்வால் பகுதியில் 1893இல் சரிவு ஒன்று உருவாக்கிய கோனா ஏரியோ மறு ஆண்டு ஆகஸ்டில் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டு இருந்ததால் கீழே இருந்தவர்களை எச்சரித்து வெளியேற்ற முடிந்தது. உங்கள் ஏரி எந்த வகை என்பதை இப்போதே ரகசியமாக முடிவு செய்துகொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறுவதை அமர்வுக்கு அமர்வு சொல்லுங்கள். கீழ்க்கரை ஊர்க்காரர்கள் டுரூயிடைத் தேடி வரட்டும், நன்றி சொல்லவும் நியாயம் கேட்கவும்.

எதிரிப் படையிலும் இதே மந்திரம் தெரிந்தவர் இருந்தால் அவருக்கும் இதே அளவுகோல்தான். அதையும் அடுத்த அமர்வு தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.