பால்வினை நோய்ப் பரிசோதனை என்றதும் ஏன் எழுந்து போகிறார்கள்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், தொலைதூர ஊர் ஒன்றின் மருத்துவ நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். பால்வினை நோய்ப் பரிசோதனை என்றதுமே அபொரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) இளைஞர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பேச்சை எப்படித் தொடங்குவது?

பதில்: அதை அறியாமை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ‘ஷேம்’ என்று சொல்வது, தவறு செய்தவருக்கு வரும் வெட்கம் மட்டுமன்று. நாலு பேர் பார்க்கத் தனித்து நிறுத்தப்படும்போது உண்டாகும் கூச்சமும் அதில் அடங்கும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1908 முதல் 1919 வரை, பால்வினை நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரிலேயே அபொரிஜினல் மக்களைப் பிடித்துச் சென்று பெர்னியர், டோர் தீவுகளில் அடைத்தார்கள். பலர் ஊர் திரும்பவேயில்லை.

ஆகவே, யாரையும் தனியே பிரித்துக் காட்டாதபடி பரிசோதனையை அமைப்பதுதான் முதல் வேலை. அரசின் மெடிகேர் திட்டத்தில் பூர்வகுடி மக்களுக்கு ஆண்டுதோறும் செய்யும், ‘715’ என்ற எண்ணால் அறியப்படும் உடல்நலப் பரிசோதனையில், இரத்த அழுத்தம் பார்க்கும் கையோடு, “இந்த வயதில் வரும் எல்லோரிடமும் கேட்கிறோம், விருப்பமில்லையென்றால் வேண்டாம்” என்று சொல்லுங்கள். கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் ஆண்களுக்குப் பெரும்பாலும் சிறுநீரே போதும். பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறுநீர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தையும் பாட்டியும் உட்கார்ந்திருக்கும் கூடத்தைக் கடக்க நேர்ந்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது. காகிதப் பையில் போட்டுக் கொடுத்து, கழிவறையிலேயே வைத்துவிட்டுப் போக ஓர் அலமாரி ஒதுக்குங்கள். சுவரொட்டிகளைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

சிபிலிஸை விட்டுவிடக் கூடாது. 2011இல் குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் தொடங்கிய பரவல் 2013இல் உங்கள் பகுதியை எட்டியது. கருவிலேயே தொற்றிக் குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் 15 நிமிடத்தில் விடை சொல்லும். முன்பே சிகிச்சை பெற்றவருக்கும் அது ‘உண்டு’ என்றே காட்டக்கூடும் என்பதால், அவர்களுக்கு இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆண்கள் காரியத்தை ஆணிடமும் பெண்கள் காரியத்தைப் பெண்ணிடமும் பேசுவதே அங்கு வழக்கம். உள்ளூர் நலப்பணியாளர் உறவினராகவும் இருக்கலாம். யாரிடம் பேச விருப்பம் என்று இளைஞரையே கேளுங்கள். “யாருக்கும் தெரியாது” என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். முடிவு குடும்பத்துக்குப் போகாது, நோய் உறுதியானால் சட்டப்படி சுகாதாரத் துறைக்குப் போகும், 16 வயதுக்குக் குறைந்தவரென்றால் வேறு சில கடமைகளும் எழலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவைத் தெரிவிக்க எண் வாங்கும்போது, “இந்தப் போனை வேறு யாராவது எடுப்பார்களா?” என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே போனை வீடு முழுக்கப் பயன்படுத்துவதுண்டு.