டீசல் எங்கே போகிறது? மலைநாட்டு லொறிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

2022இல் எண்ணெய் வரிசையில் நாள்கணக்காக நின்றதில் இருந்து ஒவ்வொரு லீற்றரையும் கணக்குப் பார்க்கிறோம், அதனால்தான் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே டீசலைப் பற்றியவை. ஆனால் வெளியில் கேள்விப்படும் யோசனைகளில் பாதி சமதரைக்குச் சொன்னவை. நம் மலையில் டீசல் பாரத்தை மேலே தூக்கத்தான் செலவாகிறது, அப்படித் தூக்கியதை இறங்கும்போது பிரேக்கில் வெறும் சூடாக்கி வீணாக்கிவிடுகிறோம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஹட்டனில் இருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள். உண்மையா?

இல்லவே இல்லை, உயிருக்கும் ஆபத்து. கியரில் வைத்து அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசல் அளக்கும் புதிய கொமன் ரெயில் எஞ்சின் என்றால் கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும், பழைய பம்ப் எஞ்சினில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதே வேலையைச் செய்யும். நியூட்ரலில் போட்ட உடனே எஞ்சின் அணையாமல் நிற்பதற்காக மறுபடியும் டீசல் குடிக்கத் தொடங்குகிறது. அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள். அதைவிட முக்கியம், எஞ்சின் பிடிப்பு போய்விட்டால் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும், நீண்ட இறக்கத்தில் பிரேக் ட்ரம் சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர், எக்ஸ்ஹோஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதையும் போடுங்கள். பிரேக் லைனிங்கும் கூடுதல் நாள் வரும்.

கேள்வி: எங்கள் லொறி கொழும்பில் நன்றாக ஓடுகிறது, நுவரெலியா வந்தால் கரும்புகை. பம்ப்பைப் பழுது பார்க்க வேண்டுமா?

அவசரப்பட்டுப் பம்ப்பைக் கழற்றாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்குள் போகும் காற்று குறைகிறது, பம்ப்போ அதே அளவு டீசலைத் தள்ளுகிறது. எரியாத மிச்சம்தான் அந்தக் கரும்புகை. அக்ஸிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தால் இழுவை கூடாது, புகைதான் கூடும். ஒரு கியர் குறைத்து, முக்கால் மிதியில் ஏறுங்கள். எயார் ஃபில்டரை முதலில் பாருங்கள், அடைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகும். டர்போ உள்ள எஞ்சினிலும் கரும்புகை வந்தால் டர்போ ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகலாம்.

கேள்வி: கந்தப்பளையில் இருந்து கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறேன். திரும்பும்போது வெறும் லொறி. இதில் என்ன செய்யலாம்?

வந்த கேள்விகளில் பெரிய மிச்சம் இதில்தான் இருக்கிறது. ஒரு தொன் எடையைக் கடல் மட்டத்தில் இருந்து நுவரெலியா உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் டீசல் வேண்டும், தூரத்துக்கான செலவு தனி. உங்கள் லொறியின் வெறும் எடை மூன்று தொன் என்று வைத்தால், எதையுமே ஏற்றாமல் நான்கரை லீற்றரை மலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு வருகிறீர்கள். அதே நாளில் இன்னொரு லொறி உரமும் மாவும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு மேலே வந்து, வெறுமனே இறங்கிப் போகிறது! இரண்டும் ஒரே லொறியாக இருந்திருந்தால் ஒரு வாகனத்தின் முழுப் பயணமும் மிச்சம். ஒவ்வொரு லீற்றர் டீசலுக்கும் 2.7 கிலோ அளவு கரியமில வாயு வெளியேறுகிறது, அதுவும் அப்படியே குறையும். ஊரில் உள்ள உரக்கடை, ஹார்ட்வெயார்க்காரர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், இரண்டு மூன்று லொறிக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தாலே நிறைய நடக்கும். ஆனால் உரமோ இரசாயனமோ ஏற்றி வந்தால் தட்டை நன்றாகக் கழுவாமல் மரக்கறி ஏற்றக் கூடாது, அது சாப்பிடும் பொருள்.

இன்னொன்று. மூட்டையில் அமுக்கி அடுக்கிய லீக்ஸும் கோவாவும் போய்ச் சேரும்போது எவ்வளவு அழுகிப்போகிறது என்று உங்களுக்கே தெரியும். நம் நாட்டில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பிறகு வீணாகிறது என்று நீண்ட காலமாகவே சொல்லப்படுகிறது. அழுகிய மரக்கறிக்கு எரித்த டீசல் யாருக்கும் பயன்படாத டீசல், பிளாஸ்டிக் கூடைக்கு மாறுவதும் எரிபொருள் சிக்கனம்தான். தட்டில் சும்மா கிடக்கும் பழைய டயர், சங்கிலி, இரும்பு எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்.

கேள்வி: கொழுந்து லொறிக்கு ஏதாவது யோசனை?

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், மிச்சமெல்லாம் தண்ணீர். மழை நாளில் அதற்கு மேல் இலையில் ஒட்டிய தண்ணீரையும் சுமக்கிறீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைக் கொஞ்சம் வடியவிட்டு ஏற்றுங்கள். பக்கத்து ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) மூடிவிட்டுத் தூரத்து ஸ்டோருக்குக் கொழுந்து அனுப்பும் தோட்டங்கள் இந்தத் தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும், இதை நிர்வாகத்துக்குத்தான் சொல்கிறேன். டயர் காற்றை வாரம் ஒரு முறை, டயர் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள்.

கேள்வி: டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் எரிபொருள் மிச்சமாகுமா?

ஆகாது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட 100க்கு மேற்பட்ட கருவிகளைச் சோதித்தும், குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம், பம்ப்புக்கு வழுவழுப்புக் கொடுப்பதே டீசல்தான்.

கேள்வி: மின்சார லொறி நம் மலைக்கு ஒத்துவருமா?

நான் நம்பிக்கையோடு இருக்கிறேன். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியைச் சார்ஜ் செய்யும், பிரேக்கில் சூடாக வீணானது கொஞ்சம் கைக்குத் திரும்பி வரும். சுவிட்சர்லாந்தில் ஒரு கல் குவாரியில் 45 தொன் எடையுள்ள மின்சார டிப்பர் 65 தொன் கல்லோடு இறங்கி வெறுமனே ஏறுகிறது, ஏறத் தேவையான மின்சாரத்தை இறக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. கொழும்பு வரை நீண்ட ஓட்டத்தில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது, விலையும் பெரிய தடை. முதலில் பொருந்துவது கொழுந்து லொறி: குறுகிய தூரம், தினமும் அதே பாதை, இரவில் ஸ்டோரிலேயே நிற்கும். தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் (150 மெகாவாட்) நம் கண் முன்னே ஓடுகிறது, சில தோட்டங்களில் சொந்தமாகச் சிறு நீர்மின் நிலையமும் உண்டு. வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: மேலே நிற்கும்போது பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க அதில் இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பும் குறைந்துவிடும். கொஞ்சம் குறையாகவே வைத்து இறங்குங்கள்.