பழைய பப்பில் ஓர் இரவு

கேள்வி: லீட்ஸில் படிக்கும் மகளைப் பார்ப்பதற்காக நானும் கணவரும் மே மாதம் இங்கிலாந்து செல்கிறோம். யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் உள்ள ‘டான் ஹில் இன்’ என்ற பழைய பப்பில், குறைந்த வாடகை அறையில் ஓர் இரவு தங்கலாம் என்கிறாள் மகள். மது விற்கும் இடத்தில் குடும்பத்தோடு தங்குவது சரிப்படுமா? நாங்கள் சைவம்.
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: தாராளமாகத் தங்கலாம். நம் ஊர் மதுக்கடையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கிலாந்தின் பழைய கிராமத்துப் பப்புகள் பல, வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்கும் சத்திரங்களாகவே நடந்தவை. இன்றும் அங்கே குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்து சாப்பிடுகிறார்கள். டான் ஹில் இன் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றியுள்ள குன்றுகளில் நிலக்கரி தோண்டியவர்கள் ஒதுங்கிய இடம் அது. கடல்மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பிரிட்டனிலேயே மிக உயரமான பப் என்ற பெயர் அதற்கு உண்டு. 1965இல் திறக்கப்பட்ட, சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் நடைபாதை அதன் வாசலை ஒட்டியே செல்வதால், சேறு படிந்த காலணிகளோடு நடைப்பயணிகள் வந்து கணப்பின் அருகே அமர்வதை நீங்கள் பார்க்கலாம்.

வாடகை குறைவு என்றால் எதில் குறைவு என்பதைக் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள். இத்தகைய இடங்களில் மலிவான படுக்கை என்பது பெரும்பாலும் அடுக்குக் கட்டிலும் பொதுக் குளியலறையும்தான். மகளுக்கு அது போதும். உங்கள் இருவருக்கும், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது, குளியலறை இணைந்த தனி அறை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பழங்கட்டடங்களில் லிஃப்ட் எதிர்பார்க்க முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிடப்பட்டிருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே செங்குத்தான படியும் தலையில் இடிக்கும் உத்தரமும் பல இடங்களில் அப்படியே இருக்கும். கீழே ஆட்கள் கலையும்வரை பேச்சொலி மேலே கேட்கலாம்.

உணவில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான காலை உணவுத் தட்டில் முட்டையோடு பன்றி இறைச்சியும், பன்றி இரத்தம் சேர்த்துச் செய்த கருநிறத் துண்டும் வரும். யார்க்‌ஷயரில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கமும் உண்டு. சைவம் என்று மட்டும் சொல்லாமல், எதில் பொரிக்கிறீர்கள் என்றே கேளுங்கள். பப்புகளில் பொதுவாக நாமே கவுண்டருக்குச் சென்று மேசை எண்ணைச் சொல்லித்தான் உணவு கேட்க வேண்டும். மது விற்பனை முடிவதற்கு முன்பே சமையலறையை மூடிவிடுவார்கள். அந்தப் பொட்டல் மேட்டில் அருகே வேறு கடை கிடையாது.

2021 நவம்பர் இறுதியில் அடித்த பனிப்புயலில் 61 பேர் அங்கே மூன்று இரவுகள் சிக்கிக்கொண்டார்கள். மே மாதத்தில் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனாலும் கம்பளி உடை அவசியம். மாதக் கடைசியில் அங்கு ஸ்வேல்டேல் செம்மறியாட்டுக் கண்காட்சி நடப்பது வழக்கம் என்பதால், அந்த வாரமாக இருந்தால் அறைக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.