தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பல் சக்கரம்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், இத்துடன் அனுப்பியுள்ள படத்தில் காணும் கருவி கிடைத்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். மரப்பிடி, இரும்புத் தண்டு, நுனியில் சுழலும் சிறிய பல் சக்கரம், சக்கரத்தை ஒட்டி ஒரு சிறு தகடு. சக்கரத்தில் 10 என்ற எண்ணும், தண்டில் ‘ஷெஃபீல்டு’ என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிகின்றன. ஆச்சி இதைச் சோமாசி வெட்டும் கரண்டி என்கிறார்கள். தையற்கடை வைத்திருக்கும் மாமா, துணியில் அடையாளம் போடும் சக்கரம் என்கிறார்கள். தாத்தா ஊரில் வார்ச்செருப்பும், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலைக்குத் தோல் வாலும் தைத்தவர். இது என்ன கருவி? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: ஆச்சியும் மாமாவும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் சொல்லும் இரண்டும் உங்கள் கருவியும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலவே இருக்கும். ஆனால் சோமாசிக் கரண்டியின் சக்கரம் மாவை அறுப்பதற்காக அலை அலையாக நெளிந்த மெல்லிய விளிம்பு உடையது. தையற்காரரின் சக்கரத்துக்கோ ஊசி முனை போன்ற கூரிய பற்கள் உண்டு. உங்கள் படத்தில் உள்ள பற்கள் தடித்தும் மழுங்கியும் இருக்கின்றன. அவை அறுக்கவும் செய்யா, துளைக்கவும் செய்யா. அழுத்தித் தடம் பதிக்க மட்டுமே உதவும்.

எனக்கு ஐயத்தைத் தீர்த்தது அந்தச் சிறு தகடுதான். தோலில் தையல் விழ வேண்டிய இடங்களைக் குறிக்கும் சாதாரணச் சக்கரத்துக்கு அப்படி ஒரு தகடு தேவையில்லை. பூட்ஸின் மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு தோல் வார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; தொழிலில் அதை வெல்ட் என்பார்கள். அடித்தோலை அந்த வாரோடு சேர்த்துத் தைத்து முடித்த பின், இச்சக்கரத்தை ஸ்பிரிட் விளக்கில் இதமாகச் சூடாக்கி வாரின்மேல் அழுத்தி உருட்டினால், ஒவ்வொரு பல்லும் இரண்டு தையல்களுக்கு நடுவே பள்ளம் பதிக்க, தையல்கள் ஒவ்வொன்றும் அரிசி மணி போலத் தனித்தனியே எழும்பி நிற்கும். சக்கரம் வழுக்கிப் போய் மேல்தோலைச் சுட்டுவிடாமல் காப்பது அந்தத் தகட்டின் வேலை. ஆங்கிலத்தில் இதன் பெயர் ஃபட்ஜ் வீல்.

10 என்பது ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்ற கணக்கு. அதாவது ஒரு தையலுக்கு இரண்டரை மில்லிமீட்டர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்றை லேசாக நனைத்து, அதன்மேல் சக்கரத்தைச் சூடாக்காமலே உருட்டி, ஓர் அங்குலத்துக்குள் விழும் தடங்களை எண்ணிப் பாருங்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் தடம் சரியாக நிற்காது.

ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃகு நகரம். காலணிக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் பார்ன்ஸ்லி நிறுவனம் 1836 முதல் அங்கே இயங்கியது. ஆனால் அந்த ஊரில் கருவி செய்தவர்கள் பலர் என்பதால், பெயர் முழுதாகத் தெரியும்வரை யார் செய்தது என்று முடிவு கட்ட வேண்டாம். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்துகளும் எழும்பித் தெரியும். ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று காணப்பட்டால் வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் உருவாக்கிய, மூசை எனும் மண்குடுவையில் உருக்கி எடுக்கும் உயர்ந்த எஃகின் பெயர் அது.

வார்ச்செருப்புக்கு வெல்ட் கிடையாது. கமலை வாலுக்கும் இந்தச் சக்கரத்தால் பயன் இல்லை. ஆகவே, உங்கள் வீட்டில் யாரும் நினைவு வைத்திராத ஒரு காலத்தில் தாத்தா பூட்ஸ் தைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. யாரிடமிருந்தோ வெறுமனே வாங்கி வைத்த பொருளாக இருக்கலாமே என்று கேட்கலாம். படத்தை மறுபடி பாருங்கள்: மரப்பிடியின் மேற்புறத்தில், கட்டைவிரல் படியும் இடம் மட்டும் குழிந்து வழவழப்பாகியிருக்கிறது, தண்டின் நுனி சூடு பட்டு நீலம் பாய்ந்து கறுத்திருக்கிறது. பல காலம் உழைத்த கருவி இது. அந்தக் குழியில் உங்கள் கட்டைவிரலை வைத்துப் பார்க்கும்போது, தாத்தா கை வைத்த இடத்தில் கை வைக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அதனால்தான் உப்புத்தாளும் கம்பிப் பிரஷும் வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். எழுத்தும் பல்லும் அந்த நீலமும் ஒரே நாளில் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரும்புப் பகுதியில் மட்டும் ஓர் இரவு சுற்றி வைத்து, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்த பின் அச்சில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும். தோலுறைக்குள் போட்டு வைப்பதும் தவறு, தோலில் உள்ள துவர்ப்புச் சத்து எஃகைத் துருவேற்றும். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

அந்தப் பெட்டியை இன்னும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். வாய் வளைந்து, ஒரு தாடையின் அடியில் சிறு சுத்தியல் போன்ற குமிழ் கொண்ட குறடு ஒன்று கிடைத்தால், அது மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கும் குறடு. அதன் படத்தையும், தண்டில் உள்ள எழுத்துகளின் படத்தையும் அனுப்பி வையுங்கள்.